அய்யாதுரை அத்தானின் பத்து கியர்

எங்க அத்தான் அய்யாதுரைக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் அவருக்குப் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காகத் துணி கிழித்துக் கொடுத்தவன் நான். என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன்.

கடை அவருடைய அண்ணனுடையது. அத்தான் என் அக்கா தங்கபுஷ்பத்தைக் கட்டியவர். நாங்கள் எல்லோரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். அக்காவைக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் வந்த கையோடு, ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னையும் வரவழைத்துக் கடையில் சேர்த்துவிட்டார். மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்குக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள அத்தான் ஒருவர்தான். நான் கணக்கில் சேர்த்தியில்லை.

கடையில் என்ன நடக்கும் என்றால், ஒரு கல்யாண கோஷ்டி வரும். பெண்ணின் அம்மா ஒரு சேலையை மடியில் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "சாயம் போகுமா?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு ரங்கநாதன் தெரு முழுக்க ஒரே பதில்தான். அத்தான் மட்டும், "போகும்மா. முதல் தண்ணியிலயே போகும். பக்கத்துல எது கிடந்தாலும் அதுலயும் ஏறிக்கிடும்" என்பார். கோஷ்டி எழுந்து அடுத்த கடைக்குப் போய் அதே மில்லின் அதே சேலையை எடுத்துக்கொண்டு, கையில் பையோடு எங்கள் கடையைத் தாண்டிப் போகும். அத்தான் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்க மாட்டேன்.

அவருடைய அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அத்தானைப் பட்டுப் பிரிவிலிருந்து போர்வை துண்டுப் பிரிவுக்கு மாற்றினார். துண்டு விற்கப் பெரிய பொய் எதுவும் வேண்டியதில்லை. அங்கேதான் அந்த வெள்ளைக்காரர் வந்தார். அடையாறில் குடியிருந்தார், ஏதோ ஒரு கம்பெனியில் என்ஜினீயர். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. சிவப்புப் போர்வை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "கலர் ரன்?" என்று கேட்டார். அதே சாயக் கேள்விதான்.

அத்தான் யோசிக்கவே இல்லை. "ரன் சார். ஃபுல் ரன்" என்றார்.

வெள்ளைக்காரர் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். மெட்ராஸ் வந்து இப்படி ஒரு கடைக்காரரை அவர் பார்த்ததில்லை போலும். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கைக்குட்டை வேண்டுமென்றாலும் அத்தானிடம்தான் வருவார். வேறு யார் எடுத்துக் கொடுத்தாலும் தொட மாட்டார். ஆகக்கூடி அத்தானின் நேர்மைக்கு மயங்கிய ஒரே ஆள், தமிழ் தெரியாத ஆள்.

இதற்கு நடுவில் அத்தானுக்கு நெஞ்சு வலி வந்தது. ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு போர்வைக் கட்டை இறக்கும்போது, பாதியில் அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது. தாங்கிப் பிடித்து இறக்கினோம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். ஏணி கூடாது, பாரம் கூடாது, எண்ணெய் கூடாது, ஆட்டுக்கறி கூடாது, தினம் கொஞ்சம் நடக்கலாம், லேசாக சைக்கிள் மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

அன்றிலிருந்து கடையில் ஒரே மந்திரம்தான். "உக்காருங்க அண்ணாச்சி." துண்டு எடுக்க எழுந்தால், உக்காருங்க அண்ணாச்சி. தண்ணீர் குடிக்க எழுந்தால், உக்காருங்க அண்ணாச்சி. வீட்டிலும் அக்கா அப்படித்தான். அவர் தும்மினால் கூட அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். நாற்பத்தஞ்சு வயசு மனுஷனை ஒரு நாற்காலியில் வைத்துப் பூட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், மனுஷன் உள்ளுக்குள் நொந்து போனார்.

அப்போதுதான் வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்புகிறார் என்று செய்தி வந்தது. போகும் முன் தன்னுடைய ரேஸ் சைக்கிளைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "துரை, ஃபார் யூ" என்றார். அத்தான் பதிலுக்குக் கடையிலேயே சாயம் போகாத போர்வையாகப் பார்த்து ஒன்று கொடுத்தார். தேடி எடுக்க வெகு நேரம் ஆயிற்று.

அது பத்து கியர் வைத்த சைக்கிள். அப்போதே பழசு, வெள்ளைக்காரரின் அப்பா ஓட்டியது என்று சொன்னார்கள். ஹேண்டில்பார் ஆட்டுக் கிடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். சாய்ந்த குழாயில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன லிவர். வலது லிவரை இழுத்தால், அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி குழாயோடு ஓடி, அடியில் வளைந்து, பின்சக்கரத்துக்குப் போகும். அங்கே ஐந்து பல்சக்கரம், சின்னதிலிருந்து பெரிசு வரை. பெடல் பக்கம் இரண்டு, ஆக இரண்டு ஐந்து பத்து. கம்பி இழுக்க இழுக்க, கீழே தொங்குகிற ஒரு இரும்புக் கை செயினை சின்னப் பல்லிலிருந்து பெரிய பல்லுக்குத் தள்ளும். சின்னப் பல்லில் மிதிப்பது கனம், வேகம். பெரிய பல்லில் லேசு, மெது. விஷயம் அவ்வளவுதான்.

அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல் இல்லை.

"பாதி சாமானத்தக் காணுமே," என்றாள். "மீதிய எப்பத் தருவாராம்?"

அத்தான் அதற்குப் பிறகு கடைக்கு பஸ்ஸில் வரவில்லை. லஸ் வழியாக, தேனாம்பேட்டை வழியாக, அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி வருவார். வேஷ்டியை மடித்துக் கட்டி, கீழே அரை டவுசர். மெட்ராஸ் உள்ளங்கை மாதிரி சமதளம். இங்கே கியர் மாற்ற ஒரு அவசியமும் கிடையாது. இருந்தாலும் ஒவ்வொரு முக்கிலும் மாற்றுவார். ஒரு சின்ன 'டிக்' சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஜெமினியில் அந்த வருஷம் மேம்பாலம் திறந்ததும் வேலையே இல்லாமல் அதில் ஏறி இறங்கினார். மேம்பாலத்தை அவருக்காகவே கட்டின மாதிரி.

கடை மொட்டை மாடியில் நின்றால் தென்மேற்கே பரங்கிமலை தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அங்கே நின்று அதையே பார்ப்பார். ஒரு நாள் சொன்னார்: "மாப்ளே, அந்த மலைக்கு வண்டி போற பாதை இருக்கு. ஒரே ஒரு தடவ கால் ஊணாம மேல போயிட்டு வந்துட்டேன்னா, நான் நோயாளி இல்லன்னு எனக்கே தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் எவன் உக்காருன்னு சொன்னாலும் எனக்குக் கவல இல்ல."

நான், "பஸ்ஸே மூச்சு வாங்குத மலை அது" என்றேன். "பஸ்ஸுக்குப் பத்து கியர் கிடையாதே" என்றார். இந்த ஆளிடம் என்ன பேச.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அக்கா சைக்கிளைக் கிணற்றடியில் நிறுத்தித் தேய்த்துக் கழுவி, சந்தனம் அரைத்து, மூட்டுக்கு மூட்டு பொட்டு வைத்தாள். லிவருக்குச் சந்தனம், கம்பிக்குச் சந்தனம், பின்னால் தொங்குகிற இரும்புக் கைக்குச் சந்தனம், மேலே குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரத்தில் எனக்குக் கால் வலித்துவிட்டது. என்ன வேண்டினாள் என்று கேட்கத் தேவையில்லை. அந்த மனுஷன் தினமும் உயிரோடு வீடு வந்து சேரணும், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே கியர் இறுகிவிட்டது. லிவரை இழுத்தால் நகராது. செயின் சின்னப் பல்லில், அதாவது ரொம்பக் கனமான கியரில் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு அத்தான் வீட்டுக்கு வர நேரமாயிற்று.

"கியர் அசைய மாட்டேங்கு புஷ்பம்," என்றார். "மெதுவாத்தான் வந்தேன்."

"மெதுவாவா?" என்றாள் அக்கா. அன்று ராத்திரி அவள் சந்தோஷமாக இருந்தாள். எனக்குக் கூட இன்னொரு தோசை கிடைத்தது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் சைக்கிளுக்குப் பூஜை. தலைக்குக் குளித்துவிட்டு, ஒரு கையில் சந்தனக் கிண்ணி, ஒரு கையில் ஈர்க்குச்சியோடு போய் சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருவாள். பொட்டு வைக்க ஈர்க்குச்சி எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெண்கள் பூஜை செய்யும்போது குறுக்கே பேசினால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

கியர் சரியாகும் வரை அத்தானால் பொறுக்க முடியவில்லை. தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிண்டி வரை என்று சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பரங்கிமலைக்குப் போனார். அவர் ரேஸ் சைக்கிளில். நான் கடையின் சாதா சைக்கிளில், தண்ணீர்க் கூஜாவோடு. அடிவாரத்தில் லிவரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கனமான கியரிலேயே ஏறினார். முதல் வளைவு வரைக்கும் போகவில்லை. இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை, அதே வெளுப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. மாத்திரையை எடுத்து நானே அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்தார். "நெஞ்சு இல்ல மாப்ளே. கியரு."

"நெஞ்சுதான்" என்றேன்.

"கியரு. அது சரியாகி அப்பவும் முடியலன்னா, நான் உக்காந்துக்கிடுதேன். யாரும் சொல்ல வேண்டாம். நானே நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிடுதேன்."

வீட்டில் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

மறுநாளிலிருந்து கியருக்கு வைத்தியம் ஆரம்பமாயிற்று. முதலில் நான். கடைத் தையல்காரரிடம் மெஷின் எண்ணெய் வாங்கிக் கம்பி நெடுக விட்டேன். ஒரு நாள் லேசாக இருந்தது. அடுத்த நாள் முன்னைவிட இறுகிவிட்டது. பிறகு லிவரின் திருகாணியைத் தளர்த்தினேன். அப்போது லிவர் என்னவோ சுலபமாக ஆடியது. ஆனால் கையை எடுத்தால் தானாகவே பழைய இடத்துக்குப் போய்விடும். திருப்பி முறுக்கினால் மறுபடி கல்லு மாதிரி. நான் விலகிக்கொண்டேன்.

ராயப்பேட்டையில் அப்துல் கய்யூம் என்று ஒரு சைக்கிள்கடை பாய் இருந்தார். பெரிய ஆள், பெரிய மீசை, பெரிய பேச்சு. தெரியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னா அண்ணாச்சி, இது குளிர் தேசத்து வண்டி. நம்ம ஊரு வெயிலுக்கு இரும்பு உப்பிக்கினு கீது. ஈரச் சாக்கைச் சுத்தி நிழல்ல வைங்கோ. தானா எளகிடும்."

அத்தான் ஒரு வாரம் ஈரச் சாக்கு சுற்றினார். வீட்டில் சைக்கிளுக்கு நாள் தவறாமல் ஈரத்துணி போட்டு, நெற்றியில் கைவைத்துப் பார்க்காத குறை. இளகவில்லை. துரு மட்டும் பிடித்தது.

மறுபடி கய்யூம் பாயிடம் போனோம். இப்போது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பேஜாரு குடுக்குது இது" என்று ஸ்பேனரை எடுத்தார். பின்னால் இரும்புக் கையிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டார். கழற்றிவிட்டு லிவரை ஆட்டினார். லேசாக ஆடியது.

"லிவர் மேல தப்பு இல்ல."

அத்தான் குனிந்து அந்த இரும்புக் கையை விரலால் தள்ளினார். அது பல்லுக்குப் பல் அழகாக நகர்ந்தது, விட்டதும் திரும்பி வந்தது.

"இது மேலயும் தப்பு இல்ல" என்றார் அத்தான்.

இரண்டும் சரி என்றால் நடுவில் இருப்பதுதான் கோளாறு. நடுவில் இருப்பது கம்பி. அந்தக் கம்பி கடைசியில் பின்சக்கரத்துக்கிட்ட வளையும்போது ஒரு சாண் நீளத்துக்கு ஒரு உறைக்குள் நுழைந்து போகும். கய்யூம் பாய் உறையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கம்பியைக் கொறடால் இழுத்தார். வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். கர்ரென்று வந்தது. கம்பியோடு மஞ்சளும் பழுப்புமாகக் கட்டி கட்டியாக ஏதோ உதிர்ந்தது.

"பாத்தியா, துரு," என்றார் பாய். "ஃபாரின் துரு மஞ்சளாத்தான் வரும்."

அத்தான் ஒரு கட்டியை நகத்தால் எடுத்தார். மூக்குக்கிட்ட கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார். நானும் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வாசனை அடித்தது. சந்தனம்.

உறையின் இரண்டு வாயையும் பார்த்தோம். மேலே தடவினதில்லை. உள்ளே வைத்துத் திணித்திருந்தது. குச்சியால் குத்திக் குத்தி அடைத்திருந்தது. அந்த ஈர்க்குச்சி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆயுத பூஜைப் பொட்டு தற்செயலாக உள்ளே போய்க் காய்ந்திருக்கிறது. கியர் இறுகியது, அவர் மெதுவாக வந்தார். அவ்வளவுதான், அக்கா பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு வாராவாரம் அடைத்திருக்கிறாள். நான் விட்ட எண்ணெய் அதைக் குழைத்து இன்னும் நன்றாகப் பூசிவிட்டிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தானுக்கு வரவில்லை.

கய்யூம் பாயும் மோந்து பார்த்துவிட்டார். ஃபாரின் துருவைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை. "யாரு அண்ணாச்சி இந்த வேலை பண்ணது?" என்றார். அத்தானின் நெஞ்சு வலிக் கதை அவருக்கும் தெரியும். பதிலுக்குக் காத்திராமல் அவரே பேசிக்கொண்டு போனார். "வேகமாப் போவக் கூடாதுன்னு பண்ணாங்களா? போ நைனா. இந்த கியர்ல மிதிச்சா மாட்டுக்கே மூச்சு வாங்கும். நெஞ்சு வலிக்காரருக்கு லேசான கியர்தான் நல்லது. இத்தனை நாளு இதுல மிதிச்சிக்கினு நீங்க நிக்கறதே பெரிசு."

அத்தான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பாய் உறையை மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டு, உள்ளே வேறு கம்பி விட்டுக் குடைந்து, காய வைத்தார். பழைய கம்பியைத் துடைத்து மெழுகுவத்தி தேய்த்து மாட்டினார். அத்தான் லிவரை ஒரு விரலால் இழுத்தார். டிக். செயின் ஒரு பல் ஏறியது. இன்னொரு டிக். பெரிய பல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், லஸ்ஸில் நிறுத்தினார். "மாப்ளே, புஷ்பத்துக்கிட்ட இதச் சொல்லப்புடாது."

"ஏன்? சொல்லணும்லா. கொஞ்சம் விட்டா உங்கள..."

"அதான் சொல்லப்புடாதுங்கேன். எனக்கு நல்லதுன்னு செஞ்சிருக்கா. அது எனக்குக் கெடுதின்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. அதுக்கப்புறம் ஒரு வாய் சோறு இறங்காது அவளுக்கு."

"நீங்கதான் பொய் சொல்ல மாட்டீயளே" என்றேன்.

"பொய் சொல்லலியே. பேசாம இருக்கப் போறேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் கிளம்பினோம். அடிவாரத்தில் அவர் நிற்கக்கூட இல்லை. டிக், டிக் என்று இரண்டு மூன்று தடவை கேட்டது. பெடல் காற்றாடி மாதிரி சுற்றியது, சைக்கிள் மட்டும் ஆமை மாதிரி ஊர்ந்தது. முதல் வளைவு போயிற்று, அவர் உட்கார்ந்த கல் போயிற்று. மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு அம்மாள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார். நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மாத்திரையைக் கையிலேயே வைத்திருந்தேன். வேர்வையில் அது பாதி கரைந்துவிட்டது. யாருக்கு நெஞ்சு வலி என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் என்னைத்தான் காட்டியிருப்பார்கள்.

மேலே மாதா கோயில் வாசல் வரைக்கும் கால் ஊணாமல் போய்ச் சேர்ந்தார். இறங்கி மரத்தடியில் சைக்கிளைச் சாத்தினார். மூச்சு வாங்கியது, ஆனால் சாதாரணமாக எல்லாருக்கும் வாங்குகிற மாதிரி. முகம் சிவந்திருந்தது. வெளுப்பில்லை. கீழே கிண்டிக் காடும் அதைத் தாண்டி ஊரும் கிடந்தன. தி. நகர் எந்தப் பக்கம் என்று தேடினார். கண்டுபிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கியருதான் மாப்ளே" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

திரும்பி வரும்போது, தெரு முனையில் இறங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சந்தனம். கூஜாத் தண்ணீரில் குழைத்தார். லிவருக்கு ஒன்று, கம்பிக்கு ஒன்று, உறையின் வாய்க்கு வெளியே ஒன்று, உள்ளே போகாமல் பார்த்துப் பார்த்து வைத்தார். அக்காவின் பழைய பொட்டையெல்லாம் பாய் கழுவி எடுத்துவிட்டாரே, அந்தக் குறை தெரியக் கூடாது என்று. நான் அசந்துபோனேன். பேசாமல் இருக்கப் போகிறேன் என்று சொன்ன மனுஷன், நடுத்தெருவில் குனிந்து நின்று கையாலேயே பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தோம். குளித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மட்டும் ஆட்டுக்கறிக் குழம்பு, அத்தானுக்கு மிளகு ரசமும் பீர்க்கங்காயும். நெஞ்சு வலி வந்த நாளிலிருந்து அப்படித்தான். அக்கா கொடியில் துணி போட வெளியே போனவள், உள்ளே வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏல கருணா, சைக்கிளுக்கு நீயா பொட்டு வச்ச?"

"நான் எதுக்கு வைக்கேன்."

"ஞாயித்துக்கெழம ஈரச் சந்தனம் இருக்கு. நான் மோதிர வெரலால வைப்பேன். இது பெருவெரலு. ஒவ்வொண்ணும் இட்லி கணக்கா இருக்கு."

அத்தான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரலில் மஞ்சள் இன்னும் போகவில்லை. அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள்.

"நான்தான் அடச்சேன். தெரியுமா?"

"தெரியும்" என்றார் அத்தான்.

"லேசா இருந்தா எங்கயாச்சும் வேகமாப் போயி விழுந்து கிடப்பீய. யாருன்னு கூடத் தெரியாம ஆஸ்பத்திரில கொண்டு போடுவாங்க. இறுகிக் கிடந்தா மெதுவா வீடு வந்து சேருவீயன்னு செஞ்சேன்."

"தெரியும் புஷ்பம்."

"இன்னைக்கு எங்க போனீய? மலைக்கா?"

"ஆமா."

"மேல வரைக்குமா?"

"மேல வரைக்கும். கால் ஊணல."

"நெஞ்சு?"

"வலிக்கல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எதையோ யோசித்தவள் மாதிரி நிமிர்ந்தாள். நான் பயந்த கேள்வி வந்தே விட்டது.

"அப்ப இத்தன மாசமா இறுகின கியர்லயா மிதிச்சீய? அது நெஞ்சுக்குக் கெடுதி இல்லியா? என்னால உங்களுக்கு ஏதும்..."

நான் அத்தானைப் பார்த்தேன். சாயம் போகுமா என்று கேட்டவர்களிடமெல்லாம் போகும் என்று சொன்ன மனுஷன். வியாபாரம் போனாலும், அண்ணன் திட்டினாலும், பட்டுப் பிரிவே கையை விட்டுப் போனாலும் மாற்றிச் சொல்லாத மனுஷன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார். "ரெண்டும் ஒண்ணுதான்."

குரல் கூட நடுங்கவில்லை. அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லி ஒரு பொய் அவள் கேட்டதில்லை. நம்பிவிட்டாள்.

"அப்பச் சரி" என்று எழுந்தாள். எனக்கு வைத்திருந்த கறிக்குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் இலையில் ஒரு கரண்டி ஊற்றினாள்.